வாதவூர்ப் பள்ளியில் வெள்ளையர் வரலாறு

(திருவாதவூரில் ஆசிரியர்களும் தோழர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருவாதவூர் என்று சொன்ன மாத்திரத்தில் மணிவாசகர் நினைவுக்கு வருகிறார். பாண்டியனுக்குக் குதிரை வாங்கி வரப் பொக்கிஷப் பணத்தோடு புறப்பட்ட அமைச்சர், அந்தப் பணத்தைத் திருப்பெருந்துறைக் கோயிலில் செலவிட்டார் என்பது புராணம். இன்றைக்கு ஓர் அமைச்சர் அவ்வாறு செய்தால் தணிக்கையாளர் விடுவாரா என்று கேட்கத் தோன்றுகிறது, அது கிடக்கட்டும். இவ்வூர்ப் பிள்ளையை நிறுத்தி நரி பரியான கதையைக் கேளுங்கள்; மூச்சு விடாமல் சொல்லும். அதே பிள்ளையை, ஒத்தக்கடை போகும் சாலையில் இருக்கிறதே திருமோகூர், அந்தக் கோயிலில் 1755-ஆம் ஆண்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள், விழிக்கும். அந்த விழிப்புக்குப் பிள்ளை பொறுப்பாகாது. நாம் சொல்லவில்லை, அது அறியவில்லை.

ஆசிரியத் தோழர்கள் என்னிடம் வைத்த வினா இதுதான்: நான்காம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் பயிலும் பிள்ளைகளுக்கு வெள்ளையர் ஆட்சிக் காலத்தை ஆறு வாரத்துக்குரிய ஒரு தொகுதிப் பாடமாக எவ்வாறு வகுப்பது? பாடநூலில் உள்ளது உள்ளபடி இருக்க, அதற்குத் துணையாக, இந்த மண்ணைக் காட்டி நடத்தத்தக்கதாக எதைச் சொல்வது?

பழைய முறை எது என்பதை நீங்கள் அறிவீர்கள். கிளைவ் வந்தார், வாரன் ஹேஸ்டிங்ஸ் வந்தார், டல்ஹௌசி வந்தார், அவர் இன்ன ஆண்டில் இன்னது செய்தார். துரைமார் பெயர்களை வரிசையாக உருப்போட வேண்டும். தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிட வேண்டும். ஆண்டவர்களுக்கு ஓர் அட்டவணை கிடைத்தது. ஆளப்பட்டவர்களுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. வெள்ளையர் போய் முக்கால் நூற்றாண்டு கடந்த பின்பும் அவர்களுடைய வருகைப் பதிவேட்டை நம் பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்திலேயே இந்த முறையைத் தளர்த்திவிட்டார்கள். 2014-இல் அங்கே நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டம், ஏழு வயது முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, 1066-ஆம் ஆண்டு வரையிலான தம் நாட்டு வரலாற்றைக் கால வரிசையில் சொல்லச் சொல்கிறது. அதற்குப் பிற்பட்ட காலத்துக்கு, ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு நெடுகத் தொடரலாம் என்கிறது. மன்னர்களின் அதிகாரம் எவ்வாறு மாறிற்று என்பதை எடுக்கலாம்; முதல் இரயில் பாதைகளை எடுக்கலாம்; குற்றமும் தண்டனையும் காலந்தோறும் எவ்வாறு மாறின என்பதை எடுக்கலாம். இவற்றோடு சொந்த ஊர் வரலாறு ஒன்றும் கட்டாயம். நல்ல முறைதான், தோழர்களே. எதிரியின் வீட்டு விளக்கேயானாலும் வெளிச்சம் வெளிச்சந்தானே! ஆனால் உற்றுப் பாருங்கள். ஒரு காலத்தில் உலகத்தின் கால் பகுதியை ஆண்டார்களே, அந்தப் பேரரசைப் பற்றி அந்த வயதுப் பிள்ளைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அத்திட்டத்தில் இல்லை. குற்றமும் தண்டனையும் என்ற பாடத்தில் இலண்டன் தூக்குமேடை வரும். வழிப்பறிக்காரன் டிக் டர்ப்பின் வருவான். மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூர் வராது. அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு கயிறு வேண்டும்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இருநூறு ஆண்டு என்பது வெறும் சொல். ஆகவே பத்தாண்டுக்கு ஒரு சாண் என்று கணக்கு வைத்து, சாணுக்கு ஒரு முடிச்சுப் போடச் சொல்லுங்கள். கம்பெனிப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்த 1755-இல் தொடங்கி, அவர்கள் கொடியிறங்கிய 1947 வரைக்கும் பத்தொன்பது முடிச்சுகள் விழும். ஏறக்குறைய பதினான்கு அடி. வகுப்பறைச் சுவர் ஒன்றிலேயே அடங்கிவிடும். பிறகு பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: பக்கத்தில் மாங்குளத்துக் குன்றில், நெடுஞ்செழியன் என்ற பெயர் பொறித்த தமிழி எழுத்து இருக்கிறது; நம் ஊர் ஓவாமலையிலும் அத்தகைய எழுத்துகள் இருக்கின்றன; மாங்குளத்து எழுத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு ஆண்டு வயது; அதுவரைக்கும் கயிற்றை நீட்டுங்கள். இருநூற்று இருபது சாண், நூற்று அறுபத்தைந்து அடி! கயிறு வகுப்பைத் தாண்டும், முற்றத்தைத் தாண்டும், வாயிலையும் தாண்டும். வெள்ளையர் ஆட்சி நம் வரலாற்றில் எவ்வளவு என்பதை அந்தக் கயிறு சொல்லிவிடும். ஆசிரியர் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டியதில்லை.

அந்த மாங்குளம் எழுத்துகளை 1882-இல் கண்டு வெளிப்படுத்தியவர் இராபர்ட் சீவெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதில் நெடுஞ்செழியன் இருப்பதைப் படித்துக் காட்டிய ஐராவதம் மகாதேவனையும் சொல்லுங்கள். உண்மை நமக்குச் சாதகமான பக்கத்தில் மட்டும் நிற்பதில்லை.

அடுத்து, தண்ணீர். இரண்டு வாரம் இதற்கே கொடுக்கலாம் என்பேன். மேலூர் வட்டத்துப் பிள்ளைக்குக் கால்வாயும் கண்மாயும் மடையும் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. 'பெரியாற்றுத் தண்ணி எப்போது திறக்கிறார்கள்?' என்ற பேச்சைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்த பிள்ளை அது. அந்தப் பேச்சிலிருந்து தொடங்குங்கள். மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பினார்கள். 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். 1887-இல் வேலை தொடக்கம். 1895 அக்டோபரில் திறப்பு. குத்தகைப் பரப்பு 8,000 ஏக்கர். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். மொத்தம் எவ்வளவு என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கணக்கிடட்டும். வரலாற்று வகுப்பில் பெருக்கல் வாய்பாடு வரக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும், எழவேண்டும். அணை கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் நல்லவரா? தேனிப் பக்கத்தில் வீடுதோறும் அவர் படம். பிள்ளைகளுக்கு அவர் பெயர். தம் சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்ற கதையும் வழங்குகிறது. அவருடைய உழைப்பை எவரும் மறுக்கமாட்டார்கள். காட்டிலும் மழையிலும் நின்று, வெள்ளம் அடித்துச் சென்றதை மறுபடி கட்டியவர். ஆனால் அணை, சென்னை மாகாண அரசு தன் செலவில் நடத்திய பொதுப்பணி வேலை. அரசின் செலவு என்றால் எவருடைய பணம்? அக்காலத்து அரசின் பெருவருவாய் நிலவரி. கலப்பை பிடித்தவன் கட்டிய தீர்வை அது. அந்தக் காட்டில் சுண்ணாம்பும் கல்லும் சுமந்து, காய்ச்சலில் மாண்ட கூலிகள் பலர். அவர்கள் பெயர் எந்த வீட்டுச் சுவரில் தொங்குகிறது? 'கதையைக் கேட்டாய், சான்று எங்கே?' என்று கேட்கும் பழக்கம் இந்த ஒரு பாடத்தில் பிள்ளைக்கு வந்துவிட்டால், ஆறு வாரமும் வீணாகவில்லை.

அணை எதற்காக வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில், சென்னை மாகாணத்தில் மாண்டவர் இலட்சக்கணக்கானோர். மக்கள் பட்டினி கிடந்தபோதும் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பல் ஏறிற்று. வாணிபத்தில் தலையிடுவதில்லை என்பது அரசின் கொள்கையாம்! இந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான், நெடுங்காலம் ஏட்டில் கிடந்த பெரியாற்றுத் திட்டத்துக்கு உயிர் வந்தது. ஆகவே, பஞ்சத்துக்கும் அணைக்கும் காரணமான ஆட்சி ஒன்றே. இரண்டையும் ஒரே பலகையில் எழுதிப் பிள்ளைகளைப் பேச விடுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால், துரை துதிபாடிகளுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். பெரியாறு என்றதும் கேரளத்தோடு சண்டை என்று பாடத்தைத் திருப்பிவிடும் ஆவல் நம் தோழர்கள் சிலருக்கு உண்டு. பத்து வயதுப் பிள்ளையிடம் பக்கத்து மொழிக்காரன்மேல் பகை விதைப்பது நம் வேலை அன்று. ஒப்பந்தம் எழுதியது மலையாள உழவன் அல்லன். ஒருபுறம் சமஸ்தானம், மறுபுறம் வெள்ளை அரசு.

இனி, நான் மிகவும் எண்ணிப் பார்த்துச் சொல்லவேண்டிய பகுதிக்கு வருகிறேன். குற்றமும் தண்டனையும்.

திருமோகூரிலிருந்து தொடங்கலாம். 1755-இல் கர்னல் ஹெரான் என்பவன் கம்பெனிப் படையோடு மதுரைக்கு வந்தான். மதுரைக்குக் கிழக்கே ஒரு கோயிலின் கதவை எரித்து, உள்ளே புகுந்து கொள்ளையிட்டு, திருமேனிகளையும் தூக்கிக்கொண்டு போனான். கோயில்குடி என்று அக்காலத்து ஆங்கில வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதி வைத்திருக்கும் அந்த இடத்தைத் திருமோகூர் என்று அடையாளம் காண்கிறார்கள். அந்த ஆண்டு மே மாதம் படை நத்தம் கணவாய் வழியே திரும்பிச் செல்கையில், கள்ளர் மக்கள் மலையிடுக்கில் மறித்துத் தாக்கித் திருமேனிகளை மீட்டார்கள். ஹெரான் சென்னையில் இராணுவ விசாரணைக்கு உள்ளாகிப் பதவியிழந்தான். தோழர்களே, சிலைகளில் நமக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது இங்கே வழக்கன்று. கொள்ளையடித்தவன் யார், பறிகொடுத்தவன் யார், மீட்டவன் யார் என்பதே வழக்கு. இச்செய்தி நாம் இட்டுக்கட்டியதன்று. ஆங்கிலேயரே எழுதி வைத்தது.

நூற்றைம்பது ஆண்டு கழித்து அதே ஆட்சி ஒரு சட்டம் செய்தது. 1871-இல் வடக்கே தொடங்கி, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம். மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். திருடியவனைத் தண்டிப்பது எல்லா நாட்டிலும் உள்ள சட்டம். இதுவோ, இன்ன சாதியில் பிறந்தவன் திருடக்கூடியவன் என்று முன்கூட்டியே முடிவு செய்த சட்டம். ஆண்மக்கள் பெயரைப் பதிந்து கைரேகை கொடுக்கவேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ கிடக்கவேண்டும். வெளியூர் போகச் சீட்டு வேண்டும். மதுரைக்கு மேற்கே வாழும் பிரமலைக் கள்ளர் மக்கள்மேல் இது பாய்ந்தது. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், கைரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களைப் போலீசார் சுட்டார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களுள் ஒருத்தி. அம்மக்களுக்காக வழக்காடியவர் மதுரையில் தொழில் செய்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்த மலையாளி; ரோசாப்பூ துரை என்று மக்கள் அன்போடு அழைத்தார்கள். சற்று முன் பக்கத்து மொழிக்காரன் என்றேனே, நினைவிருக்கட்டும். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947-இல் ஒழிந்தது. நாடு முழுமைக்கும் 1952-இல் ஒழிந்தது. மறுபுறம், வழக்கக் குற்றவாளிகள் சட்டம் என்ற வேறு பெயரில் அதன் நிழல் 1948-லேயே இங்கு வந்துவிட்டது என்பதை ஆசிரியர் அறிந்துவைத்திருந்தால் போதும். பிள்ளைக்கு அது பிறகு.

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஏழை நன்றாக வாழ்ந்தான் என்று எண்ணிவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இருநூற்றுக்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை இருந்தது. 1834-இல் டால்புடில் என்ற சிற்றூரில், கூலி குறைந்ததற்காகச் சங்கம் சேர்ந்து உறுதிமொழி எடுத்த ஆறு பண்ணைத் தொழிலாளரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்குத் தள்ளினார்கள். மக்கள் கொதித்தெழுந்த பிறகே மன்னிப்பு வந்தது. வெள்ளைத் தோல் எல்லாம் துரைத்தோல் அல்ல என்று நம் பிள்ளை அறியவேண்டும். பிரிட்டிஷ் வரலாறு என்பது பிரிட்டிஷ் தொழிலாளியின் வரலாறும்தான்.

இப்பாடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அதைச் சொல்லவே இன்று வந்தேன் என்றாலும் தகும்.

'குற்றப் பரம்பரை' என்ற சொல்லை வகுப்பில் உச்சரித்த அந்த நொடியில், நாற்பது தலைகள் ஒரு பிள்ளையின் பக்கம் திரும்பக்கூடும். சட்டம் ஒழிந்தும் ஒழியாத அவமானத்தை நாமே புதுப்பித்தவர்கள் ஆவோம். அதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. 'எங்கள் பாட்டன் வெள்ளையனை மறித்தவன்' என்ற மார்தட்டல், அடுத்த பலகையில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து, 'உன் பாட்டன் என்ன செய்தான்?' என்று கேட்கத் தொடங்கும். சாலை முனையெங்கும் சாதிக்கொரு வீரன் பதாகையில் நிற்கிறான். பள்ளிக்குள்ளும் அவனை அழைத்து வருவதா? இது மேலூர் வட்டம், தோழர்களே. 1997 ஜூன் 30-ஆம் நாள், மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் அவரோடு இருந்த வேறு சிலரையும் சாதி வெறியர் வெட்டிச் சாய்த்த வட்டம். ஒரு பேரரசு ஒரு சாதியைப் பிறவிக் குற்றவாளி என்றது; அதற்கும் நெடுங்காலம் முன்பிருந்தே நம் சமூகம் வேறொரு சாதியைப் பிறவித் தீட்டு என்றது. முன்னதைச் சொல்லிப் பின்னதைச் சொல்லாமல் விடுவது வரலாறு ஆகாது. தும்பைப்பட்டி இவ்வட்டத்து ஊர். அங்கே பிறந்த கக்கன், 1939 ஜூலை 8-ஆம் நாள் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்த குழுவில் ஒருவர். பின்னாளில் அமைச்சர். அவரைச் சொல்லாமல் இப்பாடம் முடியக்கூடாது. வெள்ளையன் ஆண்ட காலத்தில் உள்ளூர்க்காரன் பூட்டிய கதவும் இருந்தது என்பதை அவர் கதை காட்டும்.

ஆகவே சில முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டுகிறேன். எந்தப் பிள்ளையிடமும் 'உன் முன்னோர் யார்?' என்று கேட்டு எழுதச் சொல்லாதீர்கள். 'உன் பாட்டி சிறுமியாக இருந்தபோது என்ன சாப்பிட்டார்? எங்கே தண்ணீர் எடுத்தார்? யாருக்குப் பயந்தார்?' என்று கேட்டு வரச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் விடைகளை ஆசிரியர் முதலில் தனியாகப் படித்துப் பார்த்துவிட்டு வகுப்பில் எடுக்கட்டும். சட்டத்தைச் சொல்லும்போது சாதிப் பெயரிலிருந்து தொடங்காமல், 'செய்யாத தவற்றுக்காக உன்னை இரவெல்லாம் பள்ளியில் உட்கார வைத்தால்?' என்ற வினாவிலிருந்து தொடங்குங்கள். நியாயம் எது என்பதில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இருக்கும் கூர்மை பல நீதிமன்றங்களுக்கு இருந்ததில்லை.

எஞ்சியவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இரயில் 1875-இல் மதுரைக்கு வந்தது. அது பருத்தியை ஏற்றிற்று, ஆளையும் ஏற்றிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதையை அதனோடு சேர்க்கலாம். மதுரைக்கு ஒரு நாள் அழைத்துச் செல்ல முடிந்தால் விளக்குத்தூணைக் காட்டுங்கள். 1840-களில் கோட்டைச் சுவரை இடித்து வெளிவீதிகளைத் திறந்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவுக்கு நின்றது அது. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையில் ஈடுபட்ட இருவர் பெயர்கள். ஒருவன் வெள்ளையன், ஒருவன் நம்மவன். ஒரு தெருப்பலகையிலிருந்து ஒரு மணி நேரப் பாடம் கிடைக்கும். மருது சகோதரர்கள், வேலு நாச்சியார், கட்டபொம்மன் ஆகியோர் பாடநூலிலேயே வருகிறார்கள், திரைப்படத்திலும் வந்துவிட்டார்கள். மீண்டும் முழங்க வேண்டியதில்லை.

கடைசியாகக் கட்சித் தோழர்களுக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். இந்தத் தொகுதிப் பாடத்தில் நம் தலைவர்களின் படத்தை ஒரு வாரம் வைக்கலாமே என்று ஒரு தோழர் என் காதில் சொன்னார். வைக்கக்கூடாது. மேடை நமக்கு இருக்கிறது, ஏடு நமக்கு இருக்கிறது, தெருமுனை இருக்கிறது, வகுப்பறை ஆசிரியருடையது. மற்றவன் அதிகாரத்தில் இருந்து பாடநூலில் பக்கங்களை வெட்டும்போது நாம் கூச்சலிடுகிறோமே, அந்தக் கூச்சலுக்கு உரிமை வேண்டுமானால் நம் கை சுத்தமாக இருக்கவேண்டும். நீங்கள் செய்யக்கூடிய உதவி வேறு. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பட்டா, தீர்வை இரசீது, இலங்கையிலிருந்து வந்த கடிதம், காலணா, அரையணாக் காசு ஆகியவற்றைத் தேடிக் கொடுங்கள். திருமோகூருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வண்டி பேசிக் கொடுங்கள். தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோர் கையொப்பமும் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். கால்வாய்க் கரைக்குப் போகும்போது, பிள்ளைகள் பத்துப் பேருக்குப் பெரியவர் ஒருவர் என்ற கணக்கில் உடன் நில்லுங்கள். தண்ணீர் திறந்திருக்கும் நாளில் கரையோரம் இறங்க விடாதீர்கள்.

கயிறு நூற்று அறுபத்தைந்து அடி வேண்டும் என்றேன். முடிச்சுப் போடுவதில் நீளம் குறையும். இருநூறு அடியாக வாங்குங்கள்.